சொல்லத் தெரியாத அரிப்பு: சிறுவர் கரப்பான் நோயின் தீவிரத்தை அளக்கும் உயிரியல் குறிகாட்டிகள்

ஆண்கள் பட்டாடை அணிவது இஸ்லாத்தில் தடுக்கப்பட்டுள்ளது என்பதை நாம் அறிவோம். அத்தடையிலிருந்து இரு தோழர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் விலக்களித்த செய்தியை அனஸ் (ரழி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியும் ஸஹீஹ் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) ஆகிய இருவரும் உடல் அரிப்பினால் துன்புற்றிருந்தனர். அதன் பொருட்டுப் பட்டாடை அணிந்துகொள்ள அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். மற்றோர் அறிவிப்பு, அவர்கள் பேன் தொல்லை குறித்து முறையிட்டதாகக் கூறுகின்றது. சட்ட அறிஞர்கள் இச்செய்தியிலிருந்து நோயாளிக்குரிய சலுகைகள் பற்றிய விதிகளைப் பெற்றனர். நாம் இங்கு நோக்க விரும்புவது அதன் மற்றொரு பக்கத்தை ஆகும். துன்புற்றவர் வந்து தம் துன்பத்தைச் சொன்னார். அவரது சொல்லே போதிய சான்றாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆனால், ஆறு மாதக் குழந்தை தன் அரிப்பைப் பற்றி எவரிடம் சென்று முறையிடும்? அது அழும், உறங்காது புரளும், கன்னத்தைத் தலையணையில் தேய்க்கும். பசியா, வயிற்று நோவா, அரிப்பா எனத் தாய் தடுமாறுவாள். வைத்தியர் முன் கொண்டு சென்ற வேளையில் அக்குழந்தை அமைதியாகச் சிரித்துக்கொண்டும் இருக்கலாம். நோய் இலேசானதா, கடுமையானதா என்பதைப் பொறுத்தே மருந்தின் வலிமையும் காலமும் தீர்மானிக்கப்படுகின்றன. எனவே, சொல்லத் தெரியாத இத்துன்பத்தை எவ்வாறு அளப்பது என்பது வெறும் ஆய்வுகூட வினா அன்று. பிள்ளைக்குச் சேர வேண்டிய ஓர் உரிமை பற்றிய வினாவாகும். இவ்வினாவுக்கு விடை தேடிக் கடந்த சில தசாப்தங்களாக மருத்துவ உலகு குருதியிலும் தோலிலும் சில அடையாளங்களை ஆராய்ந்து வருகின்றது. அவையே உயிரியல் குறிகாட்டிகள் எனப்படுகின்றன. அவற்றின் பயனையும் எல்லையையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

நோயின் இயல்பு

எமது பேச்சுவழக்கில் கரப்பான் என்னும் சொல் பல தோல் நோய்களைக் குறிக்கின்றது. இங்கு நாம் குறிப்பிடுவது ஒவ்வாமைச் சார்புடைய தோலழற்சியை ஆகும். 1933 இல் அமெரிக்கத் தோல்நோய் வல்லுநர்களான ஃபிரெட் வைஸ், மாரியன் சுல்ஸ்பெர்கர் ஆகியோர் இதற்கு ‘அட்டோபிக் டெர்மட்டைட்டிஸ்’ எனப் பெயரிட்டனர். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும் இந்நோய், கைக்குழந்தைகளில் கன்னம், தலை, கைகால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களிலும், வளர்ந்த பிள்ளைகளில் முழங்கை, முழங்கால் மடிப்புகளிலும் தோன்றும். வளர்ச்சியடைந்த பல நாடுகளில் ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளுள் ஒருவர் இதனால் பாதிக்கப்படுகின்றார். இது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை.

இந்நோயில் இரு கோளாறுகள் பின்னிப் பிணைந்துள்ளன. ஒன்று தோலின் மதிலில் ஏற்படும் உடைவு. மற்றையது உடலின் நோயெதிர்ப்பு ஒழுங்கில் ஏற்படும் பிறழ்ச்சி. தோலின் மேற்படையை உறுதியாக்கி ஈரப்பதத்தைக் காக்கும் புரதங்களுள் ஃபிலாக்ரின் முதன்மையானது. அதற்குரிய மரபணுவில் ஏற்படும் பிறழ்வுகள் இந்நோய்க்கு வழிகோலுகின்றன என்பதை ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2006 இல் நிறுவினர். மதில் பலவீனமுற்றால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும்; தூசியும் நுண்ணுயிர்களும் உட்புகும். அப்போது மேற்றோலின் கலங்கள் அபாய அறிவிப்பு விடுக்கின்றன. அதற்கு விடையாக நோயெதிர்ப்புக் கலங்கள் இன்டர்லூக்கின் 4, 13, 31 போன்ற தூதுப் பொருட்களைச் சுரக்கின்றன. இவற்றுள் 31 ஆவது அரிப்பைத் தூண்டுகின்றது. 4 உம் 13 உம் ஃபிலாக்ரினின் உற்பத்தியையே குறைக்கின்றன. அரிப்பதனால் பிள்ளை சொறிகின்றது. சொறிவதனால் மதில் மேலும் உடைகின்றது. உடைந்த மதில் அழற்சியை மேலும் வளர்க்கின்றது. வெளியே தென்படும் சிவப்பும் கசிவும் இச்சுழற்சியின் மேற்பரப்பு மாத்திரமே.

முன்னோர் கண்ட அடையாளங்கள்

புறத்தே தென்படும் அடையாளத்தைக் கொண்டு அகத்தே உள்ள நிலையை அறிதல் இஸ்லாமிய நாகரிகத்தின் மருத்துவ மரபுக்குப் புதிதன்று. அபூபக்ர் அர்ராஸி (865–925) பெரியம்மையையும் சின்னமுத்தையும் அவற்றின் அடையாளங்களைக் கொண்டு பிரித்தறியும் தனி நூலொன்றை எழுதினார். இளவேனிற் காலத்தில் ரோஜா மலரின் மணம் பட்டதும் அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு ஏற்பட்ட மூக்கொழுக்கு குறித்தும் அவர் ஒரு சிற்றேடு வரைந்தார். ஒவ்வாமை என நாம் இன்று அழைக்கும் நிலை பற்றிய தொன்மையான விவரிப்புகளுள் அதுவும் ஒன்றாகக் கருதப்படுகின்றது. பத்தாம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த இப்னுல் ஜஸ்ஸார், குழந்தைகளின் பராமரிப்புக்கும் நோய்களுக்கும் எனத் தனி நூல் இயற்றினார். இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ நாடியையும் சிறுநீரின் நிறத்தையும் தெளிவையும் உடல்நிலையின் அடையாளங்களாக விரித்துரைக்கின்றது.

இன்றைய உயிரியல் குறிகாட்டிகளை முன்னோர் அறிந்திருந்தனர் என வலிந்து கூறுவது எமது நோக்கமன்று. அது அவர்களுக்கும் அறிவியலுக்கும் நீதி செய்வதாகாது. எனினும், அடையாளத்தைச் சான்றாக ஏற்பதற்குரிய தெளிவான சிந்தனையொன்று எமது மரபில் உண்டு. இமாம் இப்னுல் கையிம் (1292–1350) தமது ‘அத்துருகுல் ஹுக்மிய்யா’ என்னும் நூலில், சான்று என்பது இரு சாட்சியரின் சொல்லோடு முடிந்துவிடுவதில்லை எனவும், உண்மையை வெளிப்படுத்தும் எதுவும் சான்றே எனவும் வாதிடுகின்றார். கரீனா எனப்படும் சூழ்நிலை அடையாளங்களை நீதிபதி புறக்கணிப்பின் உரிமைகள் பாழாகும் என்பது அவரது கவலை. இதே அறிஞர்தாம் தமது நபிவழி மருத்துவப் பகுதியில் மேற்சொன்ன பட்டாடைச் செய்தியையும் உடல் அரிப்பையும் தனித் தலைப்பில் ஆராய்ந்தவர். வாய் பேசவியலாத இடத்தில் அடையாளம் பேசலாம். ஆனால் அதன் நம்பகத்தன்மை சோதிக்கப்பட வேண்டும். இவ்விரு நிபந்தனைகளையும் மனத்திற் கொண்டு இன்றைய அளவுகோல்களை அணுகுவோம்.

கண்ணால் அளத்தலும் அதன் குறைபாடும்

கரப்பான் நோயின் தீவிரத்தை அளக்க இன்றுவரை முதன்மையாகப் பயன்படுவது வைத்தியரின் கண்ணே. அக்கண்ணுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுப்பதற்காக 1993 இல் ஐரோப்பிய வல்லுநர் குழுவொன்று ‘ஸ்கொராட்’ என்னும் அளவுகோலை வெளியிட்டது. உடலில் எத்தனை சதவீதப் பரப்பு பாதிக்கப்பட்டுள்ளது என்பது அதன் முதற்கூறு. சிவப்பு, வீக்கம், கசிவும் பொருக்கும், சொறிந்த காயம், தோல் தடிப்பு, வறட்சி ஆகிய ஆறு குறிகளுக்கும் 0 முதல் 3 வரை இடப்படும் புள்ளிகள் இரண்டாவது கூறு. அரிப்புக்கும் உறக்க இழப்புக்கும் 0 முதல் 10 வரை இடப்படும் புள்ளிகள் மூன்றாவது. பரப்பை 5 ஆல் வகுத்து, குறிகளின் கூட்டுத்தொகையை 3.5 ஆல் பெருக்கி, மூன்றாவது கூறுடன் சேர்த்தால் கிடைப்பது மொத்தப் புள்ளி. அதன் உச்சம் 103. 25 க்குக் குறைந்தால் இலேசானது எனவும், 50 ஐத் தாண்டினால் கடுமையானது எனவும் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. 2001 இல் வெளியான ‘ஈஸி’ என்னும் சுட்டெண் உடலை நான்கு பகுதிகளாகப் பிரித்து 0 முதல் 72 வரை புள்ளியிடுகின்றது. 2004 இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் உருவான ‘போயம்’ என்பது நோயாளியோ பெற்றோரோ கடந்த ஒரு வார நிலையைக் குறித்து விடையளிக்கும் ஏழு வினாக்களைக் கொண்டது. அதன் உச்சம் 28.

இவ்வளவுகோல்கள் பயன்மிக்கவை. எனினும் ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு பிள்ளையின் உடலில் 30 சதவீதப் பரப்பு பாதிக்கப்பட்டுள்ளது. ஆறு குறிகளின் கூட்டுத்தொகை 10. அரிப்பும் உறக்க இழப்பும் சேர்ந்து 12 எனக் கொள்வோம். ஸ்கொராட் கணக்கின்படி 6, 35, 12 ஆகியவற்றைக் கூட்ட 53 வரும். இது கடுமையான நோய். இப்போது அப்பிள்ளையின் தோல் கருநிறமானது எனவும், அதில் 2 புள்ளி பெறவேண்டிய சிவப்பு வைத்தியரின் கண்ணுக்குப் புலப்படவில்லை எனவும் கொள்வோம். குறிகளின் கூட்டுத்தொகை 8 ஆகக் குறைய, மொத்தம் 46 ஆகிவிடும். நோய் நடுத்தரமானது எனப் பதியப்படும். நோய் மாறவில்லை, நிறம் மாத்திரமே கணக்கை மாற்றியது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. சிவப்பை நம்பிப் புள்ளியிடுவது கறுப்பினப் பிள்ளைகளிடம் கடுமையான நோயை மறைத்துவிடக் கூடும் என்பதை 2002 இல் பிரித்தானியத் தோல்நோய் ஆய்விதழொன்றில் வெளியான கட்டுரை எடுத்துக்காட்டியது. கருநிறத் தோலில் அழற்சி சாம்பல், ஊதா, கடுங்கபிலம் ஆகிய சாயல்களில் தோன்றலாம். ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வாழும் பிள்ளைகளுக்கு இது சிறிய விடயமன்று. அன்றியும், இருவேறு வைத்தியர் ஒரே பிள்ளைக்கு வெவ்வேறு புள்ளிகள் இடுவதும், நோய் நாளுக்கு நாள் ஏறியிறங்குவதும் கண்ணால் அளப்பதிலுள்ள மற்றைய சிக்கல்களாகும்.

குருதி கூறும் சாட்சியம்

எனவேதான் நிறத்தையும் பார்ப்பவரின் கண்ணையும் சாராத அடையாளமொன்று தேடப்பட்டது. முதலில் கவனம் பெற்றது இம்யூனோகுளோபியூலின் ஈ என்னும் பிறபொருளெதிரி. 1966–67 காலப்பகுதியில் அமெரிக்காவின் டென்வரில் இஷிஸாக்கா தம்பதியரும் சுவீடனின் உப்சாலாவில் ஜொஹான்ஸன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். 1968 இல் இதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. கரப்பான் நோயுள்ள பலரிடம் இதன் அளவு மிகுந்து காணப்படுகின்றது. ஆயினும் தீவிரத்தை அளப்பதற்கு இது நல்ல சாட்சியன்று. நோயாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இதன் அளவு இயல்பாகவே உள்ளது. நோய் தணிந்த பின்னரும் இது விரைவில் குறைவதில்லை. ஆஸ்துமா, ஒவ்வாமை மூக்கழற்சி, குடற்புழுத் தொற்று ஆகியவற்றிலும் இது உயர்கின்றது.

இது குறித்துப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. குருதியில் பாலுக்கோ முட்டைக்கோ எதிரான இப்பிறபொருளெதிரி காணப்பட்டால், அது உடல் அப்பொருளை அடையாளங் கண்டுள்ளது என்பதையே காட்டும். அவ்வுணவு பிள்ளைக்கு உண்மையில் தீங்கு செய்கின்றது என்பதற்கு அது மாத்திரம் போதிய சான்றாகாது. எம்மிடையே ஏற்கெனவே ‘கரப்பான் பண்டம்’ எனச் சில உணவுகளை ஒதுக்கும் வழக்கம் உண்டு. அதனோடு இச்சோதனை அறிக்கையும் சேர்ந்துகொண்டால், வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து பால், முட்டை, மீன் என ஒவ்வொன்றாக நீக்கப்படும் நிலை தோன்றும். சரியான மருத்துவ ஆலோசனையின்றி நிகழும் இந்நீக்கம் கரப்பானைக் குணமாக்காமல், வளர்ச்சிக் குறைவையும் கொண்டுவந்து சேர்க்கலாம். சாட்சி சொன்னது ஒன்று, நாம் விளங்கிக்கொண்டது வேறொன்று என்பதற்கு இது தக்க உதாரணமாகும்.

இயோசினோபில் என்னும் வெண்குழியங்களின் எண்ணிக்கை, லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் நொதியம் ஆகியனவும் கடுமையான கரப்பானில் உயர்வதுண்டு. ஆனால் இவையும் பிற காரணங்களால் உயரக்கூடியவை.

இதுவரை ஆராயப்பட்டவற்றுள் மிகவும் நம்பகமானதாகக் கொள்ளப்படுவது ‘தார்க்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் புரதமாகும். சி.சி.எல். 17 என்பது அதன் மற்றொரு பெயர். 1996 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனை இனங்கண்டனர். அழற்சி நிகழும் இடத்துக்கு நோயெதிர்ப்புக் கலங்களை அழைத்துவரும் அழைப்பாளனாக இது தொழிற்படுகின்றது. அழைப்பு வலுப்பெறும்போது குருதியில் இதன் அளவு உயர்கின்றது. அழற்சி தணியும்போது சில வாரங்களிலேயே குறைகின்றது. கரப்பான் நோயாளரின் குருதியில் இது நோயின் ஏற்றத்தாழ்வோடு சேர்ந்து மாறுவதை 2001 இல் ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. 2008 முதல் ஜப்பானின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி இச்சோதனைக்கான செலவை ஏற்று வருகின்றது.

இச்சோதனையின் எண்ணை வாசிப்பதில் வயதை மறந்துவிடலாகாது. ஜப்பானில் பயன்படும் வரையறையின்படி வளர்ந்தோரில் ஒரு மில்லிலீற்றர் சீரத்தில் 450 பிக்கோகிராமுக்குக் குறைவாக இருப்பது இயல்பு. இரண்டு வயதும் அதற்கு மேற்பட்டதுமான பிள்ளைகளில் 743 க்கும், ஒரு வயது முதல் இரண்டு வயது வரை 998 க்கும், ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1367 க்கும் குறைவாக இருப்பது இயல்பாகும். ஆரோக்கியமான குழந்தையின் குருதியிலேயே இப்புரதம் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். தாய் 450 என்னும் எல்லையைக் கேள்வியுற்று, தன் பத்து மாதக் குழந்தையின் 1100 என்னும் எண்ணைக் கண்டு அஞ்சினால் அது வீண் அச்சமாகும். மேலும், குருதிச் சிறுதட்டுகளிலும் இப்புரதம் அடங்கியுள்ளதால் குருதி உறையும்போது அது வெளியேறுகின்றது. ஆகவே மாதிரியை எடுத்த முறையும் சீரத்தைப் பிரிக்க எடுத்த நேரமும் எண்ணை மாற்றக்கூடும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட குறிகாட்டிகளைப் பரிசீலித்து, தீவிரத்தோடு இணைந்து செல்வதில் தார்க் புரதமே முன்னணியில் உள்ளதெனக் கண்டது. அதன் இணைவுக் குணகம் ஒரே நேர ஒப்பீட்டில் 0.64 ஆகவும், ஒரே நோயாளரைத் தொடர்ந்து நோக்கும்போது 0.60 ஆகவும் இருந்தது. 1 என்பது முழு இணைவையும் 0 என்பது இணைவின்மையையும் குறிக்கும். 0.60 இன் வர்க்கம் 0.36. அதாவது, தீவிரத்தில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையே இவ்வெண் விளக்குகின்றது. முன்னணிச் சாட்சியின் நிலையே இதுவெனின், ஒரு சோதனையை மாத்திரம் கொண்டு தீர்ப்பு வழங்கலாகாது என்பது தெளிவு.

ஜப்பானில் சிறுவருக்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட மற்றொரு குறிகாட்டி எஸ்.சி.சி.ஏ. 2 என்னும் புரதம். இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவற்றின் தூண்டலால் மேற்றோற் கலங்கள் இதனை உற்பத்தி செய்கின்றன. 15 வயதும் அதற்குக் குறைந்ததுமான பிள்ளைகளின் கரப்பான் தீவிரத்தை மதிப்பிட உதவும் சோதனையாக 2021 இல் இது அந்நாட்டுக் காப்புறுதியில் சேர்க்கப்பட்டது. ஒருவகைப் புற்றுநோய் பற்றிய ஆய்வில் முதன்முதல் அறியப்பட்டமையால் இதன் முழுப் பெயரில் புற்றுநோயைக் குறிக்கும் சொல் இடம்பெற்றுள்ளது. கரப்பானுள்ள பிள்ளையிடம் இது உயர்ந்திருப்பது புற்றுநோயைக் குறிக்காது என்பதைப் பெற்றோருக்கு விளக்க வேண்டியது வைத்தியரின் கடமையாகும்.

ஊசியின்றி அறிதல்

குழந்தையின் நாளத்திலிருந்து மீண்டும் மீண்டும் குருதி எடுப்பது எளிதன்று. அதுவும் ஒரு துன்பமே. எனவே தோலிடமே வினவும் முறைகள் ஆராயப்படுகின்றன. தோலினூடாக ஒரு மணித்தியாலத்தில் வெளியேறும் நீராவியின் அளவை, தோலின் மேல் வைக்கப்படும் சிறு கருவி அளக்கின்றது. அயர்லாந்தின் கோர்க் நகரில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2015 இல் வெளியானது. பிறந்த இரண்டாம் நாளிலும் இரண்டாம் மாதத்திலும் நீரிழப்பு மிகுந்திருந்த குழந்தைகளுக்கு ஒரு வயதில் கரப்பான் ஏற்படும் வாய்ப்பும் மிகுந்திருந்ததை அது காட்டியது. கண்ணுக்கு எதுவும் தென்படாத நாளிலேயே மதிலின் பலவீனத்தை அறியலாம் என்பது இதன் பொருள். ஆனால் அறையின் வெப்பம், ஈரப்பதம், குழந்தையின் அழுகை, வியர்வை ஆகியன இவ்வளவை எளிதில் மாற்றிவிடும்.

மற்றொரு முறை, ஒட்டும் நாடாவைத் தோலின் மேல் ஒட்டி மெல்ல உரித்தெடுத்து, அதில் ஒட்டிவரும் மேற்படைக் கலங்களைச் சோதித்தலாகும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இம்முறையால் நோயெதிர்ப்பு மாற்றங்களையும் மதிற் குறைபாட்டையும் அறிய முடிந்தது என 2019 இல் அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது. நோயற்றதாகத் தோன்றிய தோற்பகுதிகளிலும் மாற்றங்கள் காணப்பட்டன. இதற்காக முன்னர் தோலைச் சிறிது வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அதே 2019 இல் உட்ரெக்ட் ஆய்வாளர்கள், தாளில் உலரவைத்த சில துளிக் குருதியிலிருந்தும் தார்க் போன்ற குறிகாட்டிகளை அளக்கலாம் எனக் காட்டினர். இவை இன்னும் பெரும்பாலும் ஆய்வுகூடங்களுக்கு உரியவையாகவே உள்ளன.

சாட்சியத்தின் பயனும் எல்லையும்

இவற்றின் பயன் யாது? மிக முக்கியமானது, கண்ணுக்கு மறைந்த அழற்சியை அறிவதாகும். பூச்சு மருந்தை இட்டுச் சில நாட்களில் தோல் தெளிந்ததும், ஸ்டீரொய்ட் பற்றிய அச்சத்தினால் பெற்றோர் அதனை உடனே நிறுத்திவிடுகின்றனர். சில நாட்களில் நோய் மீள்கின்றது. மருந்து பலனளிக்கவில்லை என அவர்கள் எண்ணுகின்றனர். உண்மையில், தோல் தெளிந்த பின்னரும் உள்ளே அழற்சி எஞ்சியிருக்கலாம். ஜப்பானில் தார்க் அளவு இன்னும் உயர்ந்திருப்பதைப் பெற்றோருக்குக் காட்டி, மருந்தைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்குமாறு அறிவுறுத்தும் வழக்கம் வளர்ந்துள்ளது. சொல்லால் விளங்காத உண்மை சில வேளை ஓர் எண்ணால் விளங்கிவிடுகின்றது.

அடுத்தது, புதிய மருந்துகளைத் தக்கவருக்கு வழங்குதல். இன்டர்லூக்கின் 4, 13 ஆகியவற்றின் செயலைத் தடுக்கும் டுபிலுமாப் ஊசி மருந்து அமெரிக்காவில் 2017 இல் வளர்ந்தோருக்கும், 2020 இல் ஆறு வயது முதலான பிள்ளைகளுக்கும், 2022 இல் ஆறு மாதம் முதலான குழந்தைகளுக்கும் அங்கீகரிக்கப்பட்டது. இத்தகைய மருந்துகள் விலையுயர்ந்தவை. உண்மையில் யாருக்கு அவை தேவை என்பதை நேர்மையாக அளப்பது நோயாளிக்கும் பொது நிதிக்கும் செய்யும் நீதியாகும்.

எல்லையும் தெளிவாகவே உள்ளது. கரப்பானின் தீவிரத்தை அன்றாட வைத்தியத்தில் தனித்து நின்று தீர்மானிக்கும் குறிகாட்டியாக எதுவும் உலகளவில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. இச்சோதனைகள் பல நாடுகளில் எளிதிற் கிடைப்பதுமில்லை. அனைத்திற்கும் மேலாக, எந்தக் குருதிச் சோதனையும் பிள்ளை எத்தனை இரவுகள் விழித்திருந்தது எனக் கூறுவதில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் கரப்பான் குறித்து 2007 இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டல் நிறுவனமான நைஸ் வெளியிட்ட வழிகாட்டல், தோலின் நிலையோடு உறக்கத்தையும் அன்றாட வாழ்வையும் மனநிலையையும் சேர்த்தே மதிப்பிடுமாறு கூறுகின்றது. தோலில் நோய் இலேசாக இருந்தும் வாழ்வில் அதன் பாதிப்புப் பெரிதாக இருக்கலாம் என்பதையும் அது சுட்டிக்காட்டுகின்றது.

இவ்விடத்தில் மீண்டும் பட்டாடையை நோக்குவது பொருத்தமாகும். சிறப்பாக நெய்யப்பட்ட பட்டுள்ளாடைகள் கரப்பானுள்ள பிள்ளைகளுக்குப் பயன்தருமா என்பதை இங்கிலாந்தில் 300 பிள்ளைகளிடம் ஆறு மாதங்கள் சோதித்த ஆய்வு 2017 இல் வெளியானது. எப்பிள்ளை பட்டணிந்தது என அறியாத தாதியர் ஈஸி சுட்டெண்ணால் அளந்தபோது, வழமையான சிகிச்சையை மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கும் பட்டணிந்த பிள்ளைகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. பெற்றோரின் விடையைக் கொண்ட போயம் அளவுகோல் சிறிதளவு நன்மையைக் காட்டியது. பெற்றோர் எவ்வாடை அணிவிக்கப்பட்டது என அறிந்திருந்தமையால் அவர்களது எதிர்பார்ப்பு விடையைச் சாய்த்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

இது ஹதீஸுக்கு முரணானதா? நாம் அவ்வாறு கருதவில்லை. நபி (ஸல்) அவர்கள் அளித்தது துன்புற்ற இருவருக்கான சலுகை. ஹிஜாஸின் வெப்பத்தில், அக்கால ஆடைகளின் முரட்டுத்தன்மைக்கிடையே அவர்களது சிரமத்தை நீக்கும் அனுமதி. இன்றைய ஆய்வு ஒப்பிட்டது, வழமையான சிகிச்சை பெறும் பிள்ளைகளுக்கு அதனுடன் ஒரு குறிப்பிட்ட வணிக ஆடையைச் சேர்ப்பதனால் கிடைக்கும் மேலதிகப் பயனை ஆகும். இரண்டும் வெவ்வேறு வினாக்கள். எனினும், அன்பு மிகுந்த கண்ணும் பிழைபடக்கூடும் என்பதையும், அதனைத் திருத்த மற்றொரு சான்று தேவை என்பதையும் இவ்வாய்வு எமக்கு நினைவூட்டுகின்றது.

பெற்றோரின் பொறுப்பு

குருதிச் சோதனை கிடைக்காத ஊர்களிலும் நல்ல சாட்சியத்தைத் திரட்ட முடியும். பிள்ளை எத்தனை இரவுகள் உறக்கம் கெட்டது, எத்தனை நாட்கள் அரித்தது, எங்கு கசிந்தது, எங்கு குருதி கண்டது என வாரந்தோறும் ஒரு தாளில் குறித்து வைக்கலாம். நல்ல வெளிச்சத்தில் ஒரே இடத்தின் படத்தைக் கையடக்கத் தொலைபேசியில் எடுத்து வைக்கலாம். கருநிறத் தோலில் சிவப்பைத் தேடாமல், நிறமாற்றத்தையும் தடிப்பையும் தொட்டால் உணரப்படும் வெப்பத்தையும் கவனிக்கலாம். அடிப்படைச் சிகிச்சையான ஈரமூட்டும் பூச்சு எவ்வளவு பயன்பட்டது என்பதையும் எழுதலாம். மஞ்சள் நிறப் பொருக்கு, காய்ச்சல், வேகமாகப் பரவும் நோவுமிக்க கொப்புளங்கள் ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் தாமதியாமல் வைத்தியரை நாடவேண்டும்; அவை தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். சோதனை அறிக்கை கிடைக்குமிடத்து, அதன் எண்ணைப் பிள்ளையின் வயதோடும் முந்தைய எண்ணோடும் இக்குறிப்புகளோடும் சேர்த்து வாசிக்குமாறு வைத்தியரை வேண்டலாம்.

பிள்ளை அல்லாஹ் எம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் துன்பத்தை மிகைப்படுத்தித் தேவையற்ற மருந்தையும் பத்தியத்தையும் சுமத்துவதும் அநீதி. குறைத்து மதிப்பிட்டு உரிய மருந்தை மறுப்பதும் அநீதி. இவ்விரண்டுக்கும் இடையில் நடுநிலை காண்பதற்கான கருவிகளுள் ஒன்றாகவே உயிரியல் குறிகாட்டிகளை நாம் கருத வேண்டும். அன்று இரு தோழர்களின் முறையீடு செவிமடுக்கப்பட்டது போன்று, முறையிடத் தெரியாத குழந்தையின் அரிப்பும் செவிமடுக்கப்பட வேண்டும். அதற்காகக் குருதியையும் தோலையும் சாட்சியாக அழைப்போம். தீர்ப்பு வழங்கும் முன் தாயின் சொல்லையும் பிள்ளையின் இரவுகளையும் விசாரிப்போம்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.